குண்டு குறி தப்பும் என்று தெரியும்... ஆனாலும்!

போர்ப் படம், குற்றப் படம், அரசியல் த்ரில்லர்... இவற்றில் எது நிற்கிறது, எது சரிகிறது? ஒரு தீவிர ரசிகனின் கறாரான பார்வை.

ஒரு த்ரில்லரின் முடிவு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தால் அதை யார் பார்ப்பார்கள்? ஃப்ரெடரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' நாவலைப் பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பியபோது இதைத்தான் கேட்டார்கள். பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோலைச் சுட்டுக்கொல்லக் கிளம்பும் கூலிக் கொலையாளியின் கதை அது. எழுதிய நேரத்தில் டி கோல் உயிரோடு இருந்தார். 1970 நவம்பரில் தன் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். ஆக, கொலையாளி தோற்கப்போகிறான் என்பது முதல் பக்கத்தைப் புரட்டும் முன்பே தெரியும். 1971-ல் வந்த நாவல் விற்றுத் தீர்ந்தது. 1973-ல் ஃப்ரெட் ஜின்னமன் அதைப் படமாக எடுத்தார். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்தப் படம்தான்.

அதில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் காட்சியில் ஒருவரும் சாவதில்லை. கொலையாளியாக வரும் எட்வர்டு ஃபாக்ஸ் சந்தையில் ஒரு தர்பூசணி வாங்குகிறார். ஊருக்கு வெளியே ஒரு மரக்கிளையில் அதைத் தொங்கவிட்டு, பெயின்ட்டால் முகம் வரைகிறார். தூரமாக நடந்து போய்ச் சுடுகிறார். குறி கொஞ்சம் விலகுகிறது. துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கியின் திருகை லேசாகத் திருப்புகிறார். மறுபடி ஒரு தோட்டா, மறுபடி திருகு. கடைசியில் வெடிக்கும் தோட்டாவைப் போட்டுச் சுட்டதும் பழம் இருந்த இடத்தில் பழம் இல்லை. அலறும் வயலின் இல்லை, முகத்துக்கு நெருக்கமாக ஓடிவரும் கேமரா இல்லை. ஒருவன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறான். அந்தச் சுத்தம்தான் முதுகுத்தண்டில் சில்லிடுகிறது.

அவனைப் பிடிக்க வரும் லெபெல் என்ற போலீஸ் அதிகாரியையும் பாருங்கள். மைக்கேல் லான்ஸ்டேல் நடித்திருக்கிறார். தூக்கம் கெட்ட கண், சுருங்கிய கோட்டு, வீட்டில் புறா வளர்க்கும் மனிதர். அவர் செய்வதெல்லாம் தொலைபேசியில் பேசுவதும் ஓட்டல் பதிவுச் சீட்டுகளைப் புரட்டச் சொல்வதும்தான். அமைச்சர்கள் கூடும் ரகசியக் கூட்டத்திலிருந்து தகவல் கசிகிறது. யார் வீட்டுத் தொலைபேசி என்பதைக் கண்டுபிடித்து ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுகிறார். கசியவிட்டவரை மட்டும் எப்படிச் சந்தேகப்பட்டீர்கள் என்று ஒரு பெரிய மனிதர் கேட்க, சந்தேகப்படவில்லை, உங்கள் எல்லோர் தொலைபேசியையும்தான் ஒட்டுக்கேட்டேன் என்கிறார். நம்மூர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் ஸ்லோ மோஷனும் பன்ச்சும் வந்திருக்கும். லெபெல் கிளம்பிப் போய்விடுகிறார், அவ்வளவுதான். 1988-ல் மலையாளத்தில் மம்மூட்டி நடித்த 'ஆகஸ்ட் 1' இந்தக் கதையின் சாயலில் கேரள முதல்வரைக் குறிவைத்து எடுக்கப்பட்டது. அதில்கூட இந்த நிதானம் ஓரளவு தங்கியிருந்தது.

என் கட்சி இதுதான்: போர்ப் படமோ, குற்றப் படமோ, அரசியல் படமோ, யார் ஜெயித்தார்கள் என்பதில் பதற்றம் இல்லை. வரலாறு அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒரு மனிதன் தன் வேலையை எப்படிச் செய்கிறான், அல்லது செய்யாமல் கைவிடுகிறான் என்பதைப் பொறுமையாகக் காட்டத் தெரிந்த இயக்குநர்தான் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டு வருகிறார். மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

அல்ஜியர்ஸ் வழியே

டி கோலைக் கொல்ல ஏன் ஆள் அனுப்ப வேண்டும்? அல்ஜீரியாவுக்கு விடுதலை தர அவர் சம்மதித்தார். அதைத் துரோகமாகப் பார்த்த ராணுவத்தினரும் குடியேறிகளும் சேர்ந்த ரகசிய அமைப்பு 1962 ஆகஸ்ட்டில் பாரிஸை ஒட்டிய பெத்தி கிளமார் சாலையில் அவருடைய காரைச் சல்லடையாக்கியது. அவர் தப்பினார். இது கதையில்லை, நடந்தது. ஃபோர்சைத் கற்பனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த அல்ஜீரியப் போரைப் பற்றி ஜில்லோ பொந்தேகோர்வோ 1966-ல் எடுத்ததுதான் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'. பர்மா பஜாரில் டிவிடி வாங்கிப் படம் பார்த்த தலைமுறை நாங்கள். அட்டையில் துப்பாக்கி இருந்தால் கடைக்காரருக்கு அது ஆக்‌ஷன் படம். அப்படித்தான் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் என் கைக்கு வந்தது. பார்த்தால் செய்திப்படம் போலவே இருக்கும். ஆனால் ஓர் அடி செய்திச் சுருள்கூட அதில் இல்லை, அத்தனையும் எடுத்தது. நடிகர்களில் தொழில்முறை நடிகர் பிரெஞ்சுக் கர்னலாக வரும் ழான் மர்தான் ஒருவர்தான். விடுதலை இயக்கத் தலைவராக வருபவர் உண்மையிலேயே அங்கே தலைமை தாங்கிய சாதி யாசெஃப். படத்தின் தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஒரு தரப்பின் தலைவரே தயாரித்து நடித்தால் அது பிரசாரப் படம்தானே? அதற்குப் பதில் மூன்று பெண்கள் குண்டு வைக்கும் காட்சியில் இருக்கிறது. கண்ணாடி முன் முக்காட்டைக் களைந்து, முடியை வெட்டி, ஐரோப்பியப் பெண்களைப்போல உடுத்திக்கொண்டு, சோதனைச் சாவடியில் சிப்பாய்களிடம் சிரித்துப் பேசிக் கடக்கிறார்கள். அதுவரை நாம் அவர்கள் பக்கம்தான். காபிக் கடைக்குள் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளிய பிறகு, கேமரா அந்தப் பெண்ணின் கண் வழியே கடையைச் சுற்றிப் பார்க்கிறது. கடைக்காரர், அரட்டையடிக்கும் இளைஞர்கள், ஐஸ்கிரீம் நக்கும் ஒரு குழந்தை. இன்னும் சில நிமிடங்களில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பார்வையை வெட்டி எறிய ஒரு பிரசாரகனுக்கு ஒரு நொடி ஆகாது. பொந்தேகோர்வோ அதை நீட்டுகிறார். அதே நேர்மையோடு கர்னல் கரும்பலகையில் முக்கோணம் முக்கோணமாக வரைந்து, இயக்கத்தின் ஒவ்வொரு கண்ணிக்கும் மூன்று பேரை மட்டுமே தெரியும் என்று விளக்குவதையும், அந்தக் கண்ணிகளை உடைக்கச் சித்திரவதையைத் தவிர வேறு வழி அவரிடம் இல்லாததையும் காட்டுகிறார். பிரான்ஸில் படம் சில ஆண்டுகள் திரையைத் தொட முடியவில்லை. 2003-ல், ஈராக்கில் கால் வைத்த சில மாதங்களில், அமெரிக்காவின் பென்டகனில் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பார்த்துக் கற்றுக்கொண்டது என்ன என்பதை ஈராக்கைப் பார்த்தே நாம் முடிவு செய்துகொள்ளலாம்.

அதே அல்ஜியர்ஸ் தெருக்களைக் கிரேக்கமாக வேடமிட்டுக் காட்டிய படம் கோஸ்டா-கவ்ராஸின் 'ஸெட்'. 1969. கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்ப்ராகிஸ் 1963 மே மாதம் தெசலோனிகி நகரில் கூட்டம் பேசிவிட்டு வெளியே வந்தபோது மூன்று சக்கர வண்டியில் வந்தவர்கள் அடித்துச் சாய்த்தார்கள். போலீஸ் சுற்றி நின்றது. விபத்து என்று எழுதி மூடப் பார்த்தார்கள். 1967-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டதால் கிரேக்கத்தில் இதைப் படமாக்க வழியே இல்லை. அதனால்தான் அல்ஜீரியா. இசை மிக்கிஸ் தியோடராகிஸ். அவர் அப்போது ராணுவ அரசின் கண்காணிப்புக்குள் அடைபட்டுக் கிடந்தார்.

நம் படங்கள் எல்லாம் எப்படித் தொடங்கும்? இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல என்று கைகூப்பித் தொடங்கும். 'ஸெட்' தலைகீழ். இதில் உண்மை மனிதர்களோடு ஒற்றுமை தெரிந்தால் அது வேண்டுமென்றே செய்தது என்று போட்டுவிட்டுத்தான் கதைக்குள்ளேயே போகிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே நான் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன்.

படத்தின் பின்பாதி முழுக்க ஒரு நீதிபதியின் அறைதான். ழான்-லூயி திரான்தின்யான் நடித்த அந்த விசாரணை நீதிபதி ஆளும் தரப்பின் ஆள். கறுப்புக் கண்ணாடி போட்ட, சிரிக்காத, கொஞ்சம் எரிச்சலூட்டும் இளைஞர். ஆனால் கோப்பை ஒழுங்காகப் படிப்பவர். பெரிய பெரிய போலீஸ் அதிகாரிகள் பதக்கங்கள் குலுங்க ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அதே குரலில் பெயர், தொழில் என்று கேட்கிறார். தட்டச்சு ஓடுகிறது. குற்றம் சாட்டப்பட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும் பத்திரிகைக்காரர்களிடமிருந்து தப்ப, பூட்டிக் கிடக்கும் கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள். இவ்வளவு சிரிப்பும் இவ்வளவு திருப்தியும் தரும் சண்டைக் காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஒரு அடிகூட விழாமல். அடுத்த ஐந்து நிமிடத்தில் படம் அத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறது. சாட்சிகள் சாகிறார்கள், தண்டனைகள் கரைகின்றன, ராணுவம் வருகிறது, தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல் வாசிக்கப்படுகிறது: நீள முடி, குட்டைப் பாவாடை, சோஃபாக்ளீஸ், டால்ஸ்டாய், நவீன கணிதம்... நிஜ வாழ்க்கை இன்னொரு காட்சியைச் சேர்த்தது. அந்த விசாரணை நீதிபதி கிறிஸ்டோஸ் சார்ட்செடாகிஸைப் பின்னாளில் ராணுவ அரசு சிறையில் வைத்தது. 1985-ல் அவர் கிரேக்கத்தின் குடியரசுத் தலைவரானார்.

ஒரு தொலைபேசி, ஒரு நோட்டு

அமெரிக்காவின் 'ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்' வந்தபோது அதிபர் நிக்சன் பதவி விலகி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1974 ஆகஸ்ட்டில் அவர் போனார், 1976-ல் படம். திரையரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் முடிவு தெரியும். இயக்குநர் ஆலன் ஜே. பாகுலா துணிந்து என்ன செய்தார் தெரியுமா? நிக்சன் வீழும் காட்சியை எடுக்கவே இல்லை. நிக்சன் தரப்பின் முறைகேட்டைத் துருவிய நிருபர்கள் இருவரும் ஒரு செய்தியில் சறுக்கி, ஊரெல்லாம் கேலி செய்யும் கட்டத்தில் படத்தை நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியில் நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்கிறார். பின்னால் இரண்டு பேர் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். மீதியைத் தந்தி இயந்திரம் வரி வரியாக அடித்துச் சொல்கிறது.

நிருபர்களில் ஒருவராக வரும் ராபர்ட் ரெட்ஃபோர்டு ஒரு காசோலையைத் துரத்தித் தொலைபேசியில் பேசும் நீளமான ஒற்றை ஷாட் ஒன்று உண்டு. கேமரா கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அவரை நெருங்குகிறது. ஒரு கட்டத்தில் எதிர்முனையில் இருப்பவரின் பெயரை ரெட்ஃபோர்டு மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்கிறார். அது நிஜமான தடுமாற்றம். இயக்குநர் வெட்டவில்லை. எந்த நிருபரைக் கேட்டாலும் சொல்வார், வேலை அப்படித்தான் நடக்கும். 'வாஷிங்டன் போஸ்ட்' அலுவலகத்தை ஸ்டுடியோவில் அப்படியே கட்டியவர்கள், குப்பைக் கூடையை நிரப்ப அந்த அலுவலகத்துக் குப்பையையே வரவழைத்தார்கள் என்பது சினிமா வட்டாரத்தில் பிரபலமான கதை.

இதற்கு நேர் எதிர்முனையில் நம் 'முதல்வன்' நிற்கிறது. 1999. எனக்கு மிகவும் பிடித்த படம், சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருநாள் முதல்வர் தெருவில் நின்றபடியே அதிகாரிகளை வேலைநீக்கம் செய்து, ஆணையைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடுகிறார். கோப்பு கிடையாது, விதி கிடையாது, மேல்முறையீடு கிடையாது. அது அரசியல் படம் இல்லை, வரிசையில் நின்று நொந்தவர்களின் கனவு. கனவாக அது அற்புதம்.

நீருக்கு அடியில், நெருப்புக்கு நடுவில்

போர்ப் படங்களுக்கு வருவோம். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் முதல் அரைமணி நேரத்தை யாரும் மிஞ்சவில்லை. மீதி சாதாரண ஹாலிவுட். '1917' ஒரு கேமரா சாகசம், பார்க்கலாம், மறக்கலாம். 'டன்கர்க்' நல்ல படம், அந்த இசையை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஹான்ஸ் ஜிம்மர் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

என் வாக்கு 1981-ல் வந்த ஜெர்மன் படம் 'தாஸ் பூட்'டுக்கு. வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு ரயில் பெட்டிக்கும் குறைவான அகலத்தில். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ கையில் கேமராவோடு அந்தச் சந்துக்குள் மாலுமிகளின் பின்னாலேயே ஓடுகிறார். ஜிப்ரால்டரில் கப்பல் அடி வாங்கி 280 மீட்டர் ஆழத்தில் தரை தட்டுகிறது. ஆழமானியின் முள் சிவப்புப் பகுதியைத் தாண்டிக் கீழே போகிறது. திருகாணிகள் தோட்டாபோலத் தெறிக்கின்றன. வீர வசனம் பேச மூச்சே இல்லை. தண்ணீரை அடைக்க வேண்டும், மின்கலங்களைச் சரிபார்க்க வேண்டும், காற்று தீரும் முன் மேலே ஏற வேண்டும். கிரீஸ் அப்பிய ஒரு தலைமைப் பொறியாளர் தூங்காமல் வேலை செய்கிறார்.

அவர் வெற்றி பெற வேண்டும் என்று நாம் தவிக்கிறோம். ஹிட்லரின் கப்பல் அது. இந்தத் தவிப்பு சரியா? படமே அதை நம் முகத்தில் வீசிக் கேட்கிறது. இவர்கள் தாக்கிய எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருக்க, அதிலிருந்து மனிதர்கள் கடலில் குதித்து இவர்களை நோக்கி நீந்தி வருகிறார்கள். கேப்டன் கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். திறமையான வேலை நல்ல வேலையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது அந்த இடத்தில் உறைக்கும். தேசபக்திப் படங்கள் தொடப் பயப்படும் இடம் அதுதான்.

வேலை, திறமை, பயிற்சி எதுவும் உதவாத போரும் இருக்கிறது. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ'. 1985, சோவியத் யூனியன். நாஜிகள் பெலாரஸில் 628 கிராமங்களை மக்களோடு சேர்த்துக் கொளுத்தினார்கள் என்று படம் முடியும்போது எழுத்து வருகிறது. துப்பாக்கி தூக்கப் போகும் ஆசையில் சிரித்துக்கொண்டே கிளம்பும் ஒரு சிறுவனின் முகம், இரண்டேகால் மணி நேரத்தில் கிழவனுடைய முகமாக மாறுவதைப் பார்க்கிறோம். நண்பர்களுக்கு நான் எளிதில் பரிந்துரைக்காத படம். அதற்குப் பிறகு கிளிமோவ் வேறு படமே எடுக்கவில்லை.

பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, நம்மில் பலர் கவனிக்காதது. பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர'. போர்க்களமே இல்லாத போர்ப் படம். ராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வறண்ட கிராமத்துக்கு வருகிறது. பார்வையற்ற தகப்பன் நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொல்லி அதிகாரிகள் வருகிறார்கள், வீட்டுக்குப் பணம் தேவை, அவர் வைப்பதில்லை. ஜோ அபேவிக்ரம நடித்த அந்தக் கிழவரின் பிடிவாதம் எந்த வசனத்தையும்விடப் பலமாக அந்தப் போரை விசாரிக்கிறது. 2000-ல் இலங்கை அரசு இதைத் திரையிடத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் படம் வெளியே வந்தது. நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? ஈழப் போரும் ராஜீவ் காந்தி கொலையும் பின்னணியாக வந்த 'மெட்ராஸ் கஃபே' 2013-ல் எதிர்ப்பு கிளம்பியதால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவே இல்லை. அந்தப் படத்தின் அரசியலோடு எனக்குச் சண்டை உண்டு. சண்டை போடுவதற்காவது பார்க்க விட்டிருக்க வேண்டும்.

யார் என்று தெரிந்த பிறகும்

வேலை கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் குற்றப் படங்கள்தான் நன்றாகக் காட்டுகின்றன. போங் ஜூன்-ஹோவின் கொரியப் படம் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. ஹ்வாசாங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளின் கதை. கொலை நடந்த இடத்தில் கிடைத்த ஒரே காலடித் தடத்தின்மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. ஆளைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்ளும் போலீஸ்காரர், மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து ஒப்புதல் வாக்குமூலம் சொல்லிக்கொடுக்கிறார். கொலை நடக்கப்போவது தெரிந்து கூடுதல் படை கேட்டால், எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள். ராணுவ ஆட்சிக் காலத்து அரசியல் இந்த ஒரே வரியில் வந்துவிடுகிறது.

படம் வந்தபோது கொலையாளி யார் என்று யாருக்கும் தெரியாது. 2019-ல் மரபணுச் சோதனையில் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தவன். சட்டப்படி காலக்கெடு கடந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க முடியவில்லை. சிறையில் இந்தப் படத்தைப் பார்த்ததாகவும் ஒன்றும் தோன்றவில்லை என்றும் நீதிமன்றத்தில் சொன்னான். அதைவிடக் கொடுமை, அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக ஒரு நிரபராதி 20 ஆண்டுகள் சிறையில் கழித்திருந்தார். அவரிடமும் வாக்குமூலம் 'வாங்கி'யிருந்தார்கள். யார் என்று தெரிந்த பிறகு நான் படத்தை மறுபடி பார்த்தேன். பதற்றம் கொஞ்சமும் குறையவில்லை, கோபம் கூடியிருந்தது.

அதே கோபம்தான் 'விசாரணை'. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் போலீஸிடம் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதை எடுத்தார். 2015-ல் வெனிஸ் விழாவுக்குப் போனது, மூன்று தேசிய விருதுகளும் வாங்கியது. முதல் பாதியில் அடி வாங்குகிறவர்கள் பக்கம் இருந்து பார்க்கிறோம். இரண்டாம் பாதியில், அடிக்கும் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று உள்ளேயிருந்து பார்க்கிறோம். எந்த அதிகாரியும் பிறவி வில்லன் இல்லை. மேலேயிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். 'குருதிப்புன'லுக்குப் பிறகு இருபது ஆண்டுகள் காத்திருந்து நமக்குக் கிடைத்த படம். கோவிந்த் நிஹலானியின் 'துரோக்கா'லைத் தமிழாக்கிய பி.சி. ஸ்ரீராமின் அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பாட்டு இல்லாமல் தமிழன் படம் பார்க்க மாட்டான் என்று இன்றும் பேசும் தயாரிப்பாளர்களுக்கு அது 1995-லேயே சொல்லப்பட்ட பதில்.

அதற்கும் முந்தைய பதில் ஒன்று உண்டு. ஏவி.எம். தயாரிக்க, பின்னாளில் வீணை மேதையாக உலகம் சுற்றிய எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', 1954. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லை. 1943-ல் சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட பீதியின் பின்னணியில், ரேடியோ பொறியாளர் ஒருவர் சுடப்பட்டுச் சாகிறார். சாகிறவர் சிவாஜி கணேசன். முதல் காட்சியிலேயே நாயகனைச் சாகடிக்கும் துணிச்சல் அன்றைக்கு இருந்திருக்கிறது! மனைவி, தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தாங்கள் கண்ட கதையைச் சொல்ல, ஜாவர் சீதாராமன் ஆர்ப்பாட்டமில்லாத சி.ஐ.டி. அதிகாரியாக உட்கார்ந்து கேட்கிறார். போர், கொலை, தேசத் துரோகம் என்று இந்தக் கட்டுரையில் பேசிய எல்லாமே ஒரு வீட்டுக்குள் நடக்கின்றன. வெளியான காலத்தில் அது பெரிதாக ஓடவில்லை.

இந்த வகையில் தமிழில் இன்றுவரை என் முதலிடம் அதற்குத்தான். பார்க்காதவர்கள் இந்த வாரமே பாருங்கள். கொலையாளி யார் என்று வீட்டுப் பெரியவர் யாராவது முன்பே சொல்லிவிட்டிருந்தாலும் பரவாயில்லை.